வேகம் தணிந்த இசை



சென்ற கோடை விடுமுறையில் என் மகள்வயிற்றுப் பேரன் கடியப்பட்டணத்திற்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். காலையில் எழுந்தது முதல் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, திண்ணைத் தூணில் சாய்ந்து தலையை ஆட்டிக்கொண்டேயிருப்பான். அவன் என்ன கேட்கிறான் என்பது எனக்குத் தெரியாது. தலை ஆடும் வேகத்தைக் கொண்டு பாட்டின் வேகத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்வேன். ஒரு நாள் பிற்பகல் அந்தத் தலை ஆடவில்லை. முகம் வாடியிருந்தது. "என்ன மக்களே?" என்றேன். "பாட்டா, இவங்களுக்கு வயசாயாச்சு" என்றான்.

'இவங்க' என்று அவன் குறித்தது கிரீன் டே என்ற அமெரிக்க இசைக்குழுவை. பங்க் என்னும் ஒருவகை இசைக்கு அவர்கள் பேர் போனவர்களாம். 1994ஆம் ஆண்டில் வெளிவந்த 'டூக்கி' என்னும் தொகுப்பு அவர்களை உலகறியச் செய்தது. அதிலிருந்து இரண்டு பாடல்களை எனக்குப் போட்டுக் காட்டினான். இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் ஓடி முடிகிற பாடல்கள். மின்கிதாரும் டிரம்மும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பிறகு 1997இல் வந்த 'நிம்ராட்' என்ற தொகுப்பிலிருந்து ஒரு பாடல். ஒரே ஒரு கிதார், பின்னால் மெல்ல வந்து சேரும் வயலின்கள், பேசுவதுபோல் ஒரு குரல். என் பேரனின் மனக்குறைக்குக் காரணம் அதுதான். முன்பு ஓடினவர்கள் இப்போது நடக்கிறார்கள். ஆகவே களைத்துவிட்டார்கள் என்பது அவன் தீர்ப்பு.

நான் சிரித்தேன். அதே தீர்ப்பை 1987ஆம் ஆண்டில் வேறொருவர்மீது நானும் வழங்கியிருக்கிறேன். நான் வழங்கிய தீர்ப்பு பிழையானது. அதைப் பற்றியே இன்று தங்களிடம் பேச எண்ணுகிறேன்.

எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் முட்டம். கடலை ஒட்டிய பாறைகளும் கலங்கரை விளக்கமும் அமைந்த இடம். 1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'அலைகள் ஓய்வதில்லை' திரைப்படத்திற்காகப் பாரதிராஜா அங்கே வந்து படம் பிடித்தார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இளைஞன். பாறைமேல் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். நாங்கள் அன்று பார்த்தது குடையும் நாற்காலியும் பெட்டிகளுமே. பாடல்களைப் பின்னரே கேட்டோம். கேட்டபின் ஈராண்டுக் காலம் எங்கள் கடற்கரையில் அவை ஒலிக்காத கல்யாண வீடு இல்லை. எங்கள் பாறையும் எங்கள் அலையும் இளையராஜாவின் இசையில் புகுந்துவிட்டதாகவே நாங்கள் கருதினோம். அவர் எங்களவர் என்ற உரிமையும் அன்றே வந்துவிட்டது. இந்த உரிமைதான் பின்னால் வம்புக்குக் காரணமாகிறது.

அவருடைய தொடக்கத்தைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1943ஆம் ஆண்டில் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர். தம்பிமார் பாஸ்கரும் இளையராஜாவும் கங்கை அமரனும் அவருடைய குழுவில் சேர்ந்தார்கள். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலரின் பாட்டு மலைத்தோட்டத் தொழிலாளரிடையே பெரிதும் எடுபட்டது என்பது பலரும் அறிந்த செய்தி. ஊர் ஊராகச் சென்ற அக்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் சிறுவராக இளையராஜா இருந்தார். இப்படிப்பட்ட மேடையில் என்ன பாட முடியும்? திறந்தவெளி, நின்றுகொண்டிருக்கும் கூட்டம், வேலை முடிந்து களைத்து வந்த மக்கள். முதல் அடியிலேயே அவர்களைப் பிடித்தாக வேண்டும். இரண்டாம் அடிக்குள் பிடிக்காவிட்டால் கூட்டம் தேநீர்க் கடைக்குப் போய்விடும். அங்கே பாட்டின் வேகம் பாடகனின் விருப்பத்தைப் பொறுத்ததன்று; கூட்டத்தின் பொறுமையைப் பொறுத்தது.

பின்னர் அவர் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டுச் சங்கீதத்தை முறையாகப் பயின்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. தேநீர்க் கடையில், சலூனில், மீன் ஏலம் போடும் இடத்தில், எங்கும் அப்பாடல்களே. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்க என்பது. 'அன்னக்கிளி'யில் அவர் செய்தது அதுவே. நாற்று நடுபவள் அறிந்த மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் அறியாத வாத்தியங்களின் நடுவே அவளை அழைத்துச் சென்றார். அவளும் அஞ்சாமல் சென்றாள்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

1986ஆம் ஆண்டில் அவர் மூன்று வேறுபட்ட செயல்களைச் செய்தார். 'கடலோரக் கவிதைகள்' அவ்வாண்டுப் படம். அதுவும் முட்டத்துக் கடற்கரையில் எடுக்கப்பட்டது. முரட்டு மனிதன் ஒருவனுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியையின் கதை என்பதால் எங்கள் ஆசிரியர் வட்டாரத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. 'புன்னகை மன்னன்' அவ்வாண்டுப் படம். கணிப்பொறி கொண்டு இசையமைத்த புதுமைக்காக அன்று பேசப்பட்டது. இவ்விரண்டோடு, திரைப்படம் எதையும் சாராத ஓர் இசைத் தொகுப்பையும் வெளியிட்டார். அதன் பெயர் 'ஹவ் டு நேம் இட்'. பாட்டு இல்லை, வாத்தியம் மட்டுமே. தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மனியின் பாக் என்ற இசைமேதைக்கும் அதைக் காணிக்கையாக்கியிருந்தார். தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன்.

மறு ஆண்டு நாகர்கோவிலில் அந்தக் கேசட்டை வாங்கினேன். அட்டையில் இருந்த பெயரை நம்பி வாங்கினேனேயன்றி உள்ளே இருப்பது இன்னதென்று கேட்கவில்லை. வீட்டில் டேப் ரிக்கார்டரில் போட்டேன். குரல் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஒரு வயலின் ஒன்றைத் தொடங்குகிறது. அது முடியுமுன் இன்னொன்று அதையே எடுக்கிறது. மூன்றாவது ஒன்று குறுக்கே வருகிறது. எனக்குப் பிடித்த இடம் வந்தால் அங்கே நிற்பதில்லை. பிடிபடாத இடத்திலோ வெகுநேரம் நிற்கிறது. ஒரு பக்கத்தை முழுதும் கேட்க எனக்குப் பொறுமையில்லை. "ராஜாவுக்கு வயதாகிவிட்டது" என்று பக்கத்து வீட்டு நண்பரிடம் சொன்னேன். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

சொன்னதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. விலைக்கு வாங்கிய கேசட்டின் முதுகில் இரு சிறு பள்ளங்கள் இருக்கும். அவற்றில் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டால் மேலே வேறு பாட்டுப் பதியலாம் என்பதை அக்காலத்தவர் அறிவர். நான் ஒட்டுத்தாள் ஒட்டி, பதிவுக் கடையில் கொடுத்து, ஒரு பட்டியல் எழுதித் தந்து, அந்த வயலின்களின்மேல் துள்ளல் பாட்டுகளைப் பதிவு செய்வித்தேன். என் வகுப்பில் இசையார்வம் மிக்க ஒரு மாணவன் இருந்தான். கரைமடி இழுப்பவர் மகன். "சார், பாட்டில்லாத கேசட்டு ஒண்ணு வச்சிருக்கியளாமே, எனக்குத் தாங்க" என்று கேட்டான். "அதை அழித்தாயிற்று" என்று பெருமையாகவே சொன்னேன்.

மெதுவான இசை களைப்பின் அடையாளம் என்று நான் ஏன் கருதினேன்? இதை நான் பல ஆண்டுகள் ஆராய்ந்ததுண்டு. வகுப்பறையில் ஒரு பையனை எழுப்பிச் செய்யுள் படிக்கச் சொல்கிறோம். கடகடவென்று படித்து முடித்து உட்கார்ந்துவிடுகிறான். 'நன்று' என்கிறோம். அவனையே சீர் பிரித்து நிறுத்திப் படிக்கச் சொன்னால்தான் அவனுக்கு எவ்வளவு விளங்கியது என்பது வெளிப்படும். வேகம் பிழைகளை மறைக்கும் போர்வை. நம் சங்கீத ஆசிரியர்களும் இதனை நன்கறிவர். ஒரு வர்ணத்தை முதற்காலத்தில் பாடுவதும் அதனினும் இரட்டித்த இரண்டாங்காலத்தில் பாடுவதும் பயிற்சியின் பகுதி. கேட்பவர் வியப்பது இரண்டாங்காலத்தை. பாடுபவர் அஞ்சுவதோ முதற்காலத்தை. அங்கே மூச்சு தள்ளாடினால் மறைக்க இடமில்லை.

என் தந்தையார் கட்டுமரத் தொழிலாளி. சிறுவயதில் கரைமடி இழுக்கும் வரிசையின் கடைசியில் நின்று நானும் கயிறு பிடித்திருக்கிறேன். மடி இழுக்கையில் அம்பாப் பாட்டு உண்டு. ஒருவர் முன்பாட்டுப் பாட மற்றவர்கள் பின்பாட்டு எடுப்பார்கள். கயிறு தளர்வாக வருகையில் பாட்டு ஓடும். பரிகாசமும் குறும்பும் அதில் கலந்திருக்கும். மடியில் மீன் கனத்தாலோ நீரோட்டம் எதிர்த்தாலோ பாட்டு மெதுவாகிவிடும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் அத்தனை கால்களும் மணலில் புதைந்து அழுந்தும் ஓசை மட்டும் கேட்கும். அப்போது யாரும் களைத்துவிட்டதாக நாங்கள் எண்ணியதில்லை. மடி கனக்கிறது என்று கண்டு, கரையில் நின்ற பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு முன்னே வருவார்கள். இதை அறிந்து வளர்ந்த நான்தான் அந்தக் கேசட்டை அழித்தவன்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். 'ஹவ் டு நேம் இட்' முழுவதும் மந்தமான இசையன்று. அதில் விரைந்தோடும் பகுதிகளும் உண்டு. மெதுவென்று நான் கூறுவது தாளத்தின் நடையை மட்டுமன்று. கேட்பவனைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் இல்லாமையைத்தான். தேர்தல் மேடையில் வளர்ந்த ஒருவர் அந்த அவசரத்தைக் கைவிடுவது எளிதா? கூட்டம் கலைந்து போனாலும் போகட்டும் என்று துணிந்தாலன்றி இயலாது. மேலும் அது முதுமையின் விளைவுமன்று. அதே ஆண்டில் அதே மனிதர் நாட்டையே ஆடவைத்த படப்பாடல்களையும் தந்திருக்கிறாரே. இரண்டு நடைகளும் அவரிடம் ஒருங்கே இருந்தன. தன்ராஜ் மாஸ்டரின் அறையில் பாக்கைக் கற்ற நாள் முதல் அந்த நிதானம் உள்ளே இருந்திருக்க வேண்டும். நம்மிடம் அதற்கு இடம் இருக்கவில்லை. என் பேரனுக்கு வருத்தம் தந்த அந்த அமெரிக்கப் பாட்டின் கதையும் இத்தகையதே. அதை எழுதியவர் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டாராம். 'டூக்கி'யின் வேகப் பாடல்களோடு அது பொருந்தாதென்று ஒதுக்கி வைத்திருந்தாராம். ஆக, பேரன் முதுமை என்று கண்டது அவர்களுடைய இளமையில் பிறந்த பாட்டு.

பின்னர் 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. 1993இல் லண்டனின் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவைக் கொண்டு ஒரு சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தார், அது வெளிவரவில்லை. 2005இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் நகர வாத்தியக் குழுவின் துணையோடு இசையாக்கினார். அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பதனால் எங்கள் கடற்கரை ஊர்களிலும் அத்தட்டுக்கு ஆவலோடு வரவேற்பு இருந்தது. அதை நான் இரவு நேரத்தில் தனியாக அமர்ந்து கேட்டேன். தவக்காலத்தில் எங்கள் கோவிலில் பாடும் துயரப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதன் நிதானம் அந்நியமாகத் தோன்றவில்லை. ஆங்கிலச் சொற்கள் புகும் இடங்கள் எனக்கு ஒவ்வவில்லை, இன்றும் ஒவ்வவில்லை. மெதுவாக வந்தவையெல்லாம் உயர்ந்தவை என்று நான் சாதிக்க வரவில்லை. பிற்காலத்துத் திரைப்படங்களில் அவர் தந்த சில மெல்லிய பாடல்கள் எனக்கு உறக்கத்தையே தந்தன என்பதையும் மறைக்க மாட்டேன்.

அழித்த கேசட்டின் நினைவு மீண்டும் வந்தது வேறொரு சந்தர்ப்பத்தில்.

அன்று கேசட் கேட்ட அந்த மாணவன் வளர்ந்து, கடல்தொழிலோடு கீபோர்டு வாசிப்பையும் மேற்கொண்டான். நண்பர்கள் ஐவரைச் சேர்த்து ஓர் இன்னிசைக் குழு அமைத்தான். கல்யாணத்திற்கு முந்தின இரவு, கோவில் திருவிழா, பந்து விளையாட்டுப் போட்டியின் பரிசளிப்பு எங்கும் அவர்கள்தாம். அவர்கள் வாசித்தால் கிழவர்களும் எழுந்து ஆடுவார்கள். இருபது ஆண்டுகள் அப்படியே ஓடின. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. இம்மாவட்டத்து மேற்குக் கடற்கரையிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை என்பதை நேயர்கள் அறிவீர்கள். அவனுடைய மூத்த சகோதரன் சென்ற படகும் திரும்பவில்லை. உடல் கிடைக்காத சாவு. அடக்கம் செய்யவும் இயலாது. நம்பிக்கையை விடவும் இயலாது.

ஓராண்டு குழு வாசிக்கவில்லை. பிறகு தொடங்கியபோது நடை மாறியிருந்தது. எவரும் திட்டமிட்டு மாற்றவில்லை. கீபோர்டு மெதுவாகத் தொடங்கினால் டிரம் என்ன செய்யும்? அதுவும் உடன் இறங்கியது. ஊர்க்காரர்கள் முதலில் பொறுத்தார்கள். பின்னர் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தாய்மாமன் மேடையருகே வந்து, "இது கல்யாண வீடா, சாவு வீடா?" என்று கேட்டுவிட்டார். அழைப்புகள் குறைந்தன. உடன் வாசித்த ஒருவன் வேறு குழுவுக்குப் போனான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

2019ஆம் ஆண்டில் ஒரு மாலை அவன் என்னிடம் வந்தான். பழையபடி வேகமாக வாசிக்கலாமா, குழுவைக் கலைத்துவிடலாமா என்பது கேள்வி. நான் ஓய்வுபெற்று ஓராண்டு ஆகியிருந்தது. தலைமையாசிரியராக இருந்தவனிடம் எதற்கும் விடை இருக்கும் என்று ஊரில் நம்புகிறார்கள். நான் விடை சொல்லவில்லை. அவன் தன் கைபேசியில் தாங்கள் கடைசியாகப் பயின்ற ஒன்றைக் கேட்கச் செய்தான். 'ஹவ் டு நேம் இட்'டிலிருந்து ஒரு பகுதி. வயலின் இல்லாமல் கீபோர்டிலும் ஒரு பழைய கிதாரிலும் வாசித்திருந்தார்கள். சரியாக வாசித்தார்களா என்று கூறும் தகுதி எனக்கில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பொறுமையின்றி நான் நிறுத்திய அதே இடம் வந்தது. இம்முறை முடியும்வரை கேட்டேன்.

கேட்டபின் எனக்கு மனம் பொறுக்கவில்லை. "மக்களே, அன்றைக்கு நீ அந்தக் கேசட்டைக் கேட்டாய், நான் அழித்துவிட்டேன். அதை உன் கையில் கொடுத்திருக்க வேண்டும்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "சார், பாட்டில்லாத கேசட்டுன்னு சொன்னாவ, வெறும் கேசட்டுன்னு நினைச்சுத்தான் கேட்டேன். நானும் அதுமேல படப்பாட்டுத்தான் பதிஞ்சிருப்பேன்" என்றான். இத்தனை ஆண்டுகள் நான் சுமந்த குற்றவுணர்ச்சியில் பாதி அங்கேயே இறங்கிற்று.

குழு கலையவில்லை. அவர்களாகவே ஒரு வழி கண்டார்கள். நள்ளிரவு வரை ஊர் கேட்கும் வேகப் பாட்டுகள். அதில் குறை வைப்பதில்லை. பந்தி முடிந்து, பிள்ளைகள் உறங்கி, நாற்காலிகள் காலியான பிறகு, போகாமல் எஞ்சியிருக்கும் முப்பது நாற்பது பேருக்காகத் தங்கள் விருப்பப்படி வாசிக்கிறார்கள். பணம் முதற்பாதிக்குத்தான். இரண்டாம் பாதிக்கு அமர்ந்திருப்பவர்களுள் புயலில் கணவரை இழந்த பெண்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சுவரோரம் அமர்ந்திருப்பார்கள். யாரும் யாருடனும் பேசுவதில்லை.

2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறிற்று. வாசித்தது ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவே. நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். அப்போது இளையராஜாவுக்கு எண்பத்தோரு வயது. அச்செய்தியை என் பேரனிடம் சொன்னபோது, "எண்பத்தொண்ணா?" என்று மட்டும் கேட்டான். வயதைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை.

விடுமுறை முடியுமுன் ஊர்த் திருவிழா இரவொன்றில் அவனை என்னுடன் இரண்டாம் பாதிவரை இருத்தி வைத்தேன். அரைமணி நேரம் நெளிந்தான். பிறகு நெளியவில்லை. மறுநாள் தானாகவே அந்த மாணவன் வீட்டுக்குப் போய்க் கிதார் பழக வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அவன் எடுத்தவுடன் பாட்டுச் சொல்லித் தரவில்லை. ஒரே ஒரு நரம்பை மீட்டி, ஓசை முற்றும் அடங்கும்வரை விரலை எடுக்காமல் கேட்டிருக்கச் சொன்னான். அடங்கிய பின்பே அடுத்தது. பேரன் மூன்று நாள் இதையே செய்தான். விரல்நுனி சிவந்து வீங்கிற்று. என் மகள் தொலைபேசியில், "என்னப்பா, பிள்ளைக்க கையை இப்படி ஆக்கிட்டிய" என்று என்னைத்தான் கடிந்துகொண்டாள். அவன் ஊருக்குப் புறப்படும்போது, தீபாவளி விடுமுறைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று நாட்காட்டியைப் புரட்டி எண்ணிக்கொண்டிருந்தான்.